இடப்பக்கத்து ஊக்கு

வரிசையின் அந்தக் கோடியில் சுபேதார் மேஜர் ஏசுபாதம் குனிந்து யாரோ ஒரு கிழவரின் நெஞ்சை உற்றுப் பார்த்தபோது, இந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த அம்சவேணி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பார்த்துவிடுவார். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார். மனுஷருக்கு வேறு வேலை இல்லையா, பெரிய விருந்தாளி வருவதற்குள் எல்லோருக்கும் தண்ணீர் பாக்கெட் கொடுக்கச் சொல்லலாம், அரைமணியாக ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கிற மைக்செட்காரனை அதட்டலாம், அதையெல்லாம் விட்டுவிட்டு யார் தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, யார் மெடல் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று சின்னப் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறார். பென்ஷன் வாங்க ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்கிற மாதிரி, நீலக் கோட்டும் ரெஜிமென்ட் டையும், இந்த வேலூர்ப் புழுதியில் நடந்தும் புழுதி ஒட்டாத பூட்ஸும். விழாப் பந்தலின் முன்வரிசையில் பாதி பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு, மீதிப் பாதி பெண்களுக்கு. பெண்களுடைய நாற்காலிகளுக்கு மட்டும் வெள்ளை உறை போட்டிருந்தார்கள். வீரநாரியர் என்று பேனரில் எழுதியிருந்தது. புருஷனையோ பிள்ளையையோ பட்டாளத்துக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிறவர்களுக்கு அப்படி ஒரு பெயர். அம்சவேணி குனிந்து தன் இடது மார்பைப் பார்த்துக்கொண்டாள். முந்தானைக்கு மேல், இரண்டு ஊக்கில், ஒரு பட்டையில் கோத்த நாலு மெடல்கள் தொங்கின. இடது பக்கம். இந்த வரிசையில் மற்ற எல்லோருக்கும் வலது பக்கம். மெடல் வாங்கினவன் உயிரோடு இருந்தால் அவன் தன் இடது நெஞ்சில் குத்திக்கொள்வான். அவன் போய்விட்டால் அவனுக்கு உரியவள் தன் வலது பக்கம் குத்திக்கொள்ள வேண்டும். பட்டாளத்து ரூல் அது. அம்சவேணி தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தேதான் இடது பக்கம் குத்திக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் புருஷன் தணிகாசலம் இல்லை என்று யார் சொன்னது? வடக்கே ஏதோ மலைப்பாதையில் மண் சரிந்து பட்டாளத்து லாரி ஒன்று ஆற்றில் விழுந்தது, அதில் நாலு பேர் இருந்தார்கள், அதுவரைக்கும் நிஜம். மூன்று பேர் கீழே வெகுதூரத்தில் கரை ஒதுங்கினார்கள், அதுவும் நிஜம். நாலாவது ஆள் ஒதுங்கவில்லை. ஒதுங்காத ஆளை என்னவென்று சொல்வது? முதலில் காணவில்லை என்றார்கள். அந்தச் சொல்லோடு அவளால் குடித்தனம் நடத்த முடிந்தது. காணவில்லை என்றால் தேடலாம், சாவியைக் காணவில்லை என்று தேடுவதில்லையா, கொலுசுத் திருகைக் காணவில்லை என்று தேடுவதில்லையா, தேடத்தேடக் கிடைக்காமல் இருந்து, தேடுவதை விட்டபிறகு பெருக்கும்போது கிடைக்கும். அப்புறம் போன மாசியில் ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். அவள் கொடுத்த மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, இறந்ததாகக் கருதப்படுகிறார் என்றார்கள். கருதப்படுகிறார். யார் கருதுகிறார்? எங்கே உட்கார்ந்துகொண்டு கருதுகிறார்? அந்த ஆற்றை அவர் பார்த்திருக்கிறாரா? கருதுகிறவர் கருதிக்கொண்டு போகட்டும், எனக்குக் கருத்து இல்லை என்று சொல்ல நினைத்தாள். மோர் புளிச்சிருக்கா சார் என்றுதான் வாயில் வந்தது. மாமனாரும் பழைய ஹவில்தார். அவர் எழுந்து நின்று, கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, அந்தச் செய்தியை ஆர்டர் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார். பின்னாலேயே பெட்டி வந்தது. கறுப்பு டிரங்குப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்ட்டில் தணிகாசலத்தின் நம்பரும் பெயரும். உள்ளே மடிப்புக் கலையாத யூனிபார்ம். மடித்தது அவரா, அவர் இல்லாத அறையில் வேறு யாராவதா? சட்டைக் கையை உள்ளே வாங்கி மடித்திருந்த விதம் அவருடையது மாதிரியும் இருந்தது, பட்டாளத்தில் எல்லோரும் அப்படித்தான் மடிப்பார்கள் மாதிரியும் இருந்தது. அதனால் அவள் பிரிக்கவில்லை. பிரித்தால் திரும்ப அப்படி மடிக்க வராது. நேற்று மெடலை எடுக்கும்போதுகூட ஒரு கையால் சட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் உருவினாள். அப்படியும் ஒரு காலர் நுனி கொஞ்சம் தூக்கிக்கொண்டுவிட்டது. அது ராத்திரி முழுக்க அவளை உறுத்தியது. வந்ததும் பார்ப்பாரே, யார் என் பெட்டியைத் தொட்டது என்பாரே.

பெட்டியிலிருந்து எடுத்த மெடலைத் திருநீறு போட்டுத் தேய்த்தாள். கடையில் விற்கிற பாலிஷ் போட்டால் பளபளப்பு ரெண்டு நாளைக்குத்தான், அப்புறம் பச்சைப் பூக்கும், திருநீறு போட்டுப் பழைய வேட்டித் துணியால் தேய் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தது. தேய்த்துக்கொண்டிருக்கும்போது மாமனார் வந்து நிலைப்படியில் நின்றார். ‘நாளைக்கி மெடல வலப்பக்கம் குத்திக்கம்மா,’ என்றார். ‘இன்னாத்துக்கு மாமா?’ என்று கேட்டாள். தெரிந்துகொண்டேதான் கேட்டாள், அவர் வாயால் வரட்டும் என்று. ‘ரூலும்மா,’ என்றார் அவர். செருப்பைத் தேடுகிறவர் மாதிரி வெளியே போய்விட்டார். செருப்பு காலில்தான் இருந்தது. காலையில் கண்ணாடி முன்னால் நின்றபோது அவள் கை தானாகக் குழம்பியது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனை தடவை இந்தப் பட்டையைக் குத்தியிருப்பாள், ஆனால் எல்லாம் அவர் நெஞ்சில், எதிரே நின்று. எதிரே நிற்கும்போது அவருடைய இடது அவளுக்கு வலது. அவர் விறைத்து நிற்பார், மோவாயைத் தூக்கிக்கொள்வார், அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் வலக்கைப் பக்கமாகக் குத்துவாள், நூல் பிடித்தாற்போல நேராக இருக்கிறதா என்று ஒரு அடி பின்னால் போய்ப் பார்ப்பாள். கோணல் என்றால், ‘கண்ணு இன்னா ஒன்றரையா?’ என்பார். நேராக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், தொப்பியை எடுக்கப் போய்விடுவார். எதிலும் அப்படித்தான். குழம்பில் உப்புக் குறைந்தால் சொல்வார். சரியாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவார். ஒரு தடவையாவது சரியா கீதுன்னு சொன்னா வாயிலருந்து முத்து உதுந்துருமா என்று கேட்டிருக்கிறாள். ‘சரியா இருக்கறதுக்கு இன்னாத்துக்குப் பேச்சு?’ என்றார். இன்றைக்குக் கண்ணாடியில் நிற்கிறவள் அவளே. கண்ணாடிக்காரிக்கு இடது எது, தனக்கு இடது எது என்று ஒரு நொடி தடுமாறி, பிறகு நெஞ்சில் கைவைத்து, துடிக்கிற பக்கம் எதுவோ அந்தப் பக்கம் என்று குத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி ஒற்றைச் சடையோடு நின்ற பாப்பா பார்த்துவிட்டு, ‘அப்பா போட்டுக்கற மாதிரியே போட்டுக்கினியாம்மா?’ என்றாள். ஆமாம் என்றாள். ‘அப்பா வந்தா அப்பாவுக்குத் திரும்பக் குடுத்துருவியா?’ குடுத்துருவேன் என்றாள். பாப்பா மெடலை ஒரு விரலால் ஆட்டிவிட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவாவது இது இந்தப் பக்கமே இருக்க வேண்டும். சாயங்காலம் வலது பக்கத்தோடு வீட்டுக்குள் நுழைந்தால் அந்தக் குழந்தை கேட்கும். அது விடாது, அப்பனைக் கொண்டது. பக்கம் மாறியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் கேட்கும்.

‘தொப்பி தலையில வெக்கறதா, காதுல மாட்றதாய்யா?’ ஏசுபாதத்தின் குரல் பந்தலின் அந்தப் பாதியைத் தாண்டி வந்தது. பெரிய குரல் இல்லை, அழுத்தமான குரல். கிழவர் ஒருவர் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார், அவருக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும், எழும்போது முழங்கால் சொடுக்கியது இங்கே வரைக்கும் கேட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்தவர் கோட்டுக்குக் கீழே ரப்பர் செருப்பு போட்டிருந்தார், சர்க்கரைப் புண் சார் என்று கட்டுப் போட்ட விரலைக் காட்டினார். அப்படீன்னா ரெண்டாவது வரிசைக்குப் போ, முன்னாடி செருப்போட குந்தாத என்றார் ஏசுபாதம், திட்டவில்லை, நியாயமாகத்தான் சொன்னார். அந்த மனிதர் நொண்டிக்கொண்டே பின்னால் போனார். போகும்போது காது சிவந்திருந்தது. அப்படிச் சிவந்த காதை அம்சவேணி எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே? ஜோலார்பேட்டை. ஆமாம், ஜோலார்பேட்டை ஸ்டேஷன், பாப்பா கைக்குழந்தை, தணிகாசலம் லீவு முடிந்து யூனிபார்மில் போகிறார், வழியனுப்ப அவள். ரயில் லேட்டு. தூரத்தில் தூணடியில் ஒரு பையன், அவனும் யூனிபார்மில், தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து நியூஸ்பேப்பரில் வைத்து போண்டா தின்றுகொண்டிருந்தான். சட்டைப் பட்டன் இரண்டு திறந்திருந்தது, தொப்பி தோள்பட்டைக்குள் செருகியிருந்தது, பூட்ஸ் நாடா அவிழ்ந்து தரையில் புரண்டது. இவர் பார்த்துவிட்டார். பார்த்தால் அவ்வளவுதான். வுடுங்களே, பசியில துன்றான் என்றாள். அவர் காதில் விழவில்லை. நேராகப் போய் அவன் முன்னால் நின்றார். ‘எந்த யூனிட்டு?’ பையன் வாயில் போண்டாவோடு துள்ளி எழுந்தான். ‘தொப்பி எங்க?’ ‘தோள்ல கீது சார்.’ ‘தல எங்க கீது, தோள்லயா?’ பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. டீ விற்கிறவன் கூவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பையன் எண்ணெய்க் கையைப் பேன்ட்டில் துடைக்கப் போய், அதுவும் யூனிபார்ம் என்று ஞாபகம் வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விரித்தபடி நின்றான். அவன் காது சிவந்தது. கண்ணும் சிவந்தது. இவர் தன் கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும், துடைத்துக்கொள்ளச் சொன்னார், பட்டன் போடவைத்தார், நாடா கட்டவைத்தார், தொப்பி வைத்ததும் ஒருதரம் சுற்றிவந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தார். அப்படியென்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், ஆனால் பாவம், அது அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபம். இத்தனை பேர் எதிரில் ஒரு பிள்ளையை நிற்கவைத்து அப்படிக் கேட்கணுமா, தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் ஆகாதா என்றாள். ‘எல்லார் எதிர்லயும் தப்பு பண்ணான், எல்லார் எதிர்லயுந்தான் சரி பண்ணிக்கணும்,’ என்றார். ‘அவன் சட்ட, அவன் இஷ்டம்.’ ‘அவன் சட்டயா? துணி சர்க்காருது. உள்ள கீறது மட்டுந்தான் அவனுது.’ அந்த வார்த்தையை அம்சவேணி இப்போது தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். துணி வந்துவிட்டது, பெட்டியில், அந்துருண்டை போட்டு. சர்க்கார் தன்னுடையதைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட்டது, தன்னுடையது இல்லாததை எங்கேயோ விட்டுவிட்டது. சே, அவருக்கு அப்படிப் பேசினால் பிடிக்காது. பட்டாளத்தைக் குறைசொன்னால் பிடிக்காது. பிடிக்காவிட்டால் வந்து சண்டை போடட்டும். எங்கே இருந்தாலும் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டுதான் இருப்பார், அது நிச்சயம். எந்த மலைக்கிராமத்தில் எந்த வீட்டில் கிடந்தாலும், பெயர் மறந்து ஊர் மறந்து கிடந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் செருப்பை ஜோடி சேர்த்து வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்து அவர்களுக்குத் தெரியாதா, இது பட்டாளத்து ஆள் என்று? தெரிந்து ஒரு வார்த்தை சொல்லியனுப்ப மாட்டார்களா? ஒன்றரை வருஷமாக ஏன் சொல்லியனுப்பவில்லை? அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் அவள் மனசு சட்டென்று வேறு எதையாவது பிடித்துக்கொள்ளும். இப்போது பேனரின் மூலையைப் பிடித்துக்கொண்டது. மூலையில் கயிறு தளர்ந்து பேனர் காற்றில் படபடத்தது. வீரநாரியர் என்பதில் ‘வீர’ மடிந்துபோய் நாரியர் மட்டும் தெரிந்தது. இதை யாராவது திருத்தக் கூடாதா?

பூட்ஸ் சத்தம் பெண்கள் பக்கம் வந்துவிட்டது. முதல் நாற்காலி. ஏசுபாதம் நின்றார், பார்த்தார், வலது பக்கம் தொங்குகிறது, கையை உயர்த்தி சல்யூட் அடித்தார், நகர்ந்தார். ஆண்களிடம் இருந்த கண்டிப்பு இல்லை, தலையைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தார். இரண்டாவது நாற்காலி. சல்யூட். மூன்றாவதில் நின்றுவிட்டார். சல்யூட் இல்லை. அம்சவேணி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு வயசான அம்மா, பிள்ளையைப் பறிகொடுத்தவள், குடியாத்தம் பக்கம் என்று காலையில் யாரோ சொன்னார்கள், இடது பக்கம் குத்தியிருந்தாள். ‘அம்மா, இது வலப்பக்கம் இருக்கணும்,’ என்றார் ஏசுபாதம். ‘எந்தப் பக்கமா இருந்தா இன்னாப்பா, எம்புள்ளைதுதான?’ என்றாள் அவள். ‘உங்க புள்ளைதுதாம்மா. அத்தொட்டுதான் வலப்பக்கம். இடப்பக்கம் இருந்தா நீங்க வாங்குன மெடலுன்னு ஆயிடும்.’ அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்காமலே தலையாட்டினாள். ‘எனக்குக் கண்ணு தெரியாது, நீயே குத்திவுடு,’ என்றாள். ஏசுபாதம் பிரம்பைக் கீழே வைத்தார், முழங்காலிட்டார், அந்தக் கோட்டோடு புழுதியில் முழங்காலிட்டார், கழற்றி வலது பக்கம் குத்திவிட்டார். அவர் விரல் நடுங்கியதால் நேரமாயிற்று. அவ்வளவு நேரமும் முன்வரிசை முழுக்கக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது, பின்வரிசைகள் எழுந்து நின்று பார்த்தன, பத்திரிகை போட்டோக்காரன் ஒருவன் இரண்டு தரம் கிளிக்கினான். பிறகு அவர் எழுந்து சல்யூட் அடித்தார். அப்போதுதான் அந்த அம்மா அழுதாள். அதுவரை அழவில்லை. குத்திமுடித்து சல்யூட் அடித்தபிறகுதான், எதையோ இப்போதுதான் கேள்விப்பட்டவள் மாதிரி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

‘இன்னாடி, நீயும் மாத்திக் குத்திக்கினு வந்துட்டியா?’ பக்கத்து நாற்காலி பவுனக்கா. புருஷன் சிலோன் சண்டைக்குப் போய் வராதவர், அவளுக்கு அப்போது இருபது வயதாம், இப்போது தலை முழுக்க வெள்ளை. பஸ்ஸில் வரும்போது தோளைச் சுற்றி இழுத்து மூடியிருந்த முந்தானை நுனி இப்போது விலகி, மெடல் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. ‘தெரியும்க்கா,’ என்றாள் அம்சவேணி. பவுனக்கா அவள் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், தாலிச்சரடைப் பார்த்தாள், தலைப் பூவைப் பார்த்தாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா, இந்த அக்காவும் ஏதாவது சொல்வாள் என்று அம்சவேணி பல்லைக் கடித்துக்கொண்டாள். ‘மேஜரு வந்துக்கினு கீறாரு,’ என்று மட்டும் சொன்னாள் பவுனக்கா. அப்புறம், ‘மாத்துறதுன்னா நான் மறச்சிக்கினு குந்தறேன். யாருக்கும் தெரியாது,’ என்றாள். யாருக்கும் தெரியாது. அக்கா நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அம்சவேணிக்கு அந்த வார்த்தை சுட்டது. யாருக்கும் தெரியாமல் செய்கிற காரியமா இது? அதே சமயம், ஐயோ, யாருக்கும் தெரியாமல் செய்துவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தது.

மாற்ற மாட்டேன் என்று சொல்வேன். என்ன செய்துவிடுவார்? அம்மா இது வலப்பக்கம் இருக்கணும் என்பார். இருக்கட்டும் சார் என்பேன். ஏம்மா என்பார். அவர் வருவாரு சார் என்பேன். வருவாரு என்றதும் முன்வரிசை திரும்பும். பின்வரிசை எழுந்து நிற்கும். போட்டோக்காரன் கிளிக்குவான். பின்னால் எங்கேயோ மூன்றாவது வரிசையில் மாமனார் உட்கார்ந்திருக்கிறார், அவர் எழுந்திருக்க மாட்டார், தலையைக் குனிந்துகொள்வார், ஒரு ஹவில்தார் மருமகளுக்கு மெடல் குத்தத் தெரியவில்லை என்று நாலு பேர் அவர் காதுபடப் பேசுவார்கள். இல்லாவிட்டால் பேசாமல் ஐயோ பாவம் என்று பார்ப்பார்கள், அது இன்னும் மோசம். பைத்தியம் என்று ஒருத்தி சொல்வாள். சுபேதார் மேஜர் முழங்காலிடுவார். அவர் முழங்காலிட்டுவிட்டால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த நடுங்குகிற விரல் இந்த ஊக்கைத் தொட்டுவிட்டால் அவளால் தட்டிவிட முடியாது. வேறொருவர் கையால் மாறுவதா? படம் நாளைக்குப் பேப்பரில் வரும். வரட்டும், இடது பக்கத்தோடு வரட்டும், எங்கேயாவது ஒரு டீக்கடையில் அவர் பார்க்கட்டும். பார்த்தால் என்ன சொல்வார்? அதுதான் அவளை உள்ளே குடைந்தது. இடது பக்கம் பார்த்தால், ‘நீ எப்ப பட்டாளத்துல சேந்த? எந்த யூனிட்டு?’ என்பார். இது நீ வாங்கின மெடலா, என் நெஞ்சில் தொங்க வேண்டியது உன் நெஞ்சில் எப்படி இடது பக்கம் தொங்கும் என்பார். ரூல் ரூல்தான் என்பார். வலது பக்கம் பார்த்தால்? ‘நான் உயிரோட கீறச்சொல்ல எவன் உன்ன வலப்பக்கம் குத்தச் சொன்னது?’ என்பார். இரண்டும் தப்பு. எந்தப் பக்கம் குத்தினாலும் தப்பு. தப்பு என்று சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. ஜோலார்பேட்டைப் பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கட்டும், அத்தனை பேர் எதிரிலும் அவளை நிற்கவைத்து, கண்ணு ஒன்றரையா என்று கேட்கட்டும், காது சிவக்கச் சிவக்க நிற்பாள். அவர் வந்து திட்டுவாரென்றால் மெடலைத் தலையில்கூடக் கட்டிக்கொள்வாள். ஆனால் வருகிறவர் அவர் இல்லை. ஏசுபாதம்.

சல்யூட். பூட்ஸ் நகர்ந்தது. இன்னும் நாலு நாற்காலியா, மூன்றா? எண்ணிப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. முந்தானை நுனியை இழுத்து மூடிப் பார்த்தாள். பட்டை முட்டிக்கொண்டு தெரிந்தது, மூடினால் இன்னும் கேட்பார். எழுந்து பாத்ரூம் போகிற மாதிரிப் போய்விடலாமா? முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் மைக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பவுனக்கா கேட்காமலேயே உடம்பைத் திருப்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் மறைத்தாற்போல உட்கார்ந்துவிட்டாள். அகலமான முதுகு. அதற்குப் பின்னால் ஒரு சின்ன இடம், ஒரு அறை மாதிரி. அந்த அறைக்குள் அம்சவேணியின் கை ஊக்கில் இருந்தது. எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. நான் மாற்றப் போவதில்லை, சும்மா, தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். தளரவில்லை. முதல் ஊக்கு திறந்தது. பட்டை ஒருபக்கம் சாய்ந்து மெடல்கள் ஒன்றோடொன்று இடித்துச் சின்னதாகச் சத்தம் போட்டன, லீவு முடிந்து கிளம்புகிற காலையில் போடுகிற அதே சத்தம், திருநீற்று வாசனை, அவர் மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே நிற்கிறார். சீக்கிரம் குத்து, பஸ்ஸு போயிரும். இதோ, இதோ. இரண்டாவது ஊக்கு திறந்தது. எதிரே நிற்கிறவருடைய இடது அவளுக்கு வலது. நான் என் நெஞ்சில் குத்தவில்லை, அவர் நெஞ்சில் குத்துகிறேன், எப்போதும் போல என் வலக்கைப் பக்கமாக. அவர் அப்படியே கிட்டே வந்து நின்றால் அவருடைய இடது இங்கேதான் வந்து பொருந்தும், இதே இடத்தில், ஒரே பட்டை இரண்டு பேருக்கும். அதில் என்ன தப்பு? ஒன்றும் தப்பில்லை. இது அந்த ரூல் இல்லை, இது வேறு, எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். துணிக்குள் ஊக்கு இறங்கியது, விரல் நுனியில் ஒரு குத்து, வலித்தது, பரவாயில்லை. இரண்டாவது ஊக்கும் இறங்கிப் பூட்டிக்கொண்டது. நேராக இருக்கிறதா? ஒரு அடி பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பாருங்க, கோணலாகத்தான் இருக்கும், சொல்லுங்க. ஏதாவது சொல்லுங்க.

கண்ணைத் திறந்தபோது பவுனக்கா நேராக உட்கார்ந்து சல்யூட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். அடுத்து, புழுதி ஒட்டாத பூட்ஸ் இரண்டும் அம்சவேணியின் நாற்காலிக்கு நேரே வந்து சேர்ந்து நின்றன. இல்லை, இப்போது புழுதி ஒட்டியிருந்தது, பேன்ட்டின் முழங்காலிலும் செம்மண் வட்டம். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நல்ல முகம்தான். மீசைக்குக் கீழே உதடு காய்ந்திருந்தது, காலையிலிருந்து அவரும் தண்ணீர் குடித்திருக்க மாட்டார். அவர் அவள் பொட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், வலது பக்கத்து மெடலைப் பார்த்தார். கோணல் என்று சொல்லுங்கள் சார், பக்கம் தப்பு என்று சொல்லுங்கள், இது இங்கே இருக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், இப்போதே கழற்றிவிடுகிறேன்.

‘சரியா இருக்கும்மா,’ என்றார் சுபேதார் மேஜர் ஏசுபாதம். ஒரு அடி பின்னால் எடுத்துவைத்து சல்யூட் அடித்தார்.

அந்தச் சொல்லைக் கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது தணிகாசலத்திடம். பூட்ஸ் சத்தம் நகர்ந்து போயிற்று. மைக்செட்காரன் ஹலோ என்றான். பவுனக்கா தன் கையை நீட்டி அவள் மடியில் வைத்தாள். அம்சவேணி இடது தோளுக்குக் கீழே தடவிப் பார்த்தாள். பாரம் இருந்த இடம் லேசாகிவிட்டிருந்தது. முந்தானைப் பட்டில் ஊக்கு குத்தின ஓட்டைகள் விரலுக்குத் தட்டுப்பட்டன, பாரம் இழுத்ததில் கொஞ்சம் பெரிதாகியிருந்தன. பாப்பா கண்ணில் பட்டால் கேட்கும். அவள் முந்தானையின் மடிப்பைத் திருப்பி, ஓட்டை வெளியே தெரியாதபடி, இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.